கல்லூரியின் பெயரும் பிள்ளையின் இடமும்

மார்ச் கடைசியில் கல்லூரி அனுமதி முடிவுகள் வந்துவிடும். அதற்கப்புறம் மே 1 வரைக்கும், அமெரிக்காவில் பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளை இருக்கிற நம் வீடுகளில் வேறு பேச்சே இருக்காது. எங்கெல்லாம் இடம் கிடைத்தது என்று தெரிந்துவிட்டது. மே 1க்குள் அதில் ஒன்றைத் தேர்ந்தெடுத்து முன்பணம் கட்ட வேண்டும். விண்ணப்பத்துக்குப் பிள்ளையைத் தயார்செய்ய வருடக்கணக்கில் உழைத்திருப்போம். அந்த உழைப்பில் பத்தில் ஒரு பங்கைக்கூட இந்த முடிவுக்கு நாம் கொடுப்பதில்லை. வந்த கடிதங்களில் எது பெரிய பெயரோ அங்கே போய்விடுவது என்று மனதுக்குள் எப்போதோ தீர்மானம் ஆகிவிட்டிருக்கும்.

போன வருடம் என் அண்ணன் மகள் இந்தக் கட்டத்தில் இருந்தாள். ஒரு பக்கம், யாரிடம் சொன்னாலும் புருவம் உயர்த்தும் ஒரு பெரிய பல்கலைக்கழகம். இன்னொரு பக்கம், கல்வித்துறையில் இருப்பவர்களுக்கு மட்டும் நன்றாகத் தெரிந்த ஒரு சிறிய கல்லூரி. இரண்டுமே எளிதில் இடம் கொடுப்பவை அல்ல. அவளுக்குப் பூகம்பங்களைப் பற்றிப் படிக்க வேண்டும் என்று எட்டாம் வகுப்பிலிருந்தே ஆசை. அண்ணனுக்கு இதில் கேள்வியே எழவில்லை. "யோசிக்க என்ன இருக்கு?" என்றார். அவள் அன்று இரவே எனக்கு போன் செய்தாள். "அத்தை, யோசிக்க நிறைய இருக்கு. அப்பாகிட்ட அதை எப்படிச் சொல்றதுன்னுதான் தெரியல" என்றாள்.

அந்த ஏப்ரல் முழுக்க நாங்கள் மூவரும் பேசியதிலிருந்து எனக்கு ஒரு விஷயம் உறுதியானது. பெயரா, பொருத்தமா என்று கேட்டால் விடை கிடைக்காது. இரண்டும் கல்லூரி முழுவதையும் பார்த்துச் சொல்லும் வார்த்தைகள். பிள்ளை படிக்கப்போவது கல்லூரி முழுவதிலும் இல்லை. ஒரு துறை, சில வகுப்புகள், நான்கைந்து ஆசிரியர்கள், கூடப் படிக்கும் கொஞ்சம் பேர், ஒரு கட்டண பில். இவ்வளவுதான் அவளுக்குக் கிடைக்கும் இடம். ஒப்பிட வேண்டியது அந்த இடத்தைத்தான்.

முதலில் பெயரைப் பார்த்துவிடலாம், ஏனென்றால் அதற்கு நாம் கொடுக்கும் எடை மிகப் பெரியது. ஐவி லீக் என்கிறோமே, அது எட்டுக் கல்லூரிகள் 1954இல் செய்துகொண்ட ஒப்பந்தத்தால் உருவான விளையாட்டுக் கூட்டமைப்பு. ஸ்டான்ஃபோர்டும் எம்ஐடியும் அதில் இல்லை. யுஎஸ் நியூஸ் பத்திரிகை 1983இல் முதல் தரவரிசையை வெளியிட்டபோது, கல்லூரித் தலைவர்களிடம் எது நல்ல கல்லூரி என்று கேட்டுத்தான் பட்டியல் போட்டது. இன்றைக்கு நிறையக் கணக்குகள் சேர்ந்துவிட்டன. ஆனாலும் தேசியப் பல்கலைக்கழகங்களின் மதிப்பெண்ணில் 20 சதவீதம், மற்றக் கல்லூரி நிர்வாகிகள் இந்தக் கல்லூரியைப் பற்றி என்ன நினைக்கிறார்கள் என்பதிலிருந்துதான் வருகிறது. பெயர் இருப்பதால் மதிப்பெண், மதிப்பெண் இருப்பதால் பெயர் என்று அது சுற்றிக்கொண்டே இருக்கும்.

2022இல் நடந்தது இன்னும் தெளிவான உதாரணம். கொலம்பியா பல்கலைக்கழகம் அந்தப் பட்டியலில் 2ஆம் இடத்தில் இருந்தது. அதே பல்கலைக்கழகத்தின் கணிதப் பேராசிரியர் மைக்கேல் தாடியஸ், தம் நிர்வாகம் கொடுத்த எண்களைத் தானே உட்கார்ந்து சரிபார்த்து, அவை பொருந்தவில்லை என்று எழுதினார். 20 பேருக்கும் குறைவான மாணவர்கள் இருக்கும் வகுப்புகள் 82.5 சதவீதம் என்று பட்டியலுக்குச் சொல்லப்பட்டிருந்தது. பிறகு பல்கலைக்கழகமே வெளியிட்ட கணக்கில் அது 57 சதவீதம். அந்த வருடம் செப்டம்பரில் கொலம்பியா 18ஆம் இடத்துக்கு இறங்கியது. அங்கே ஒரு வகுப்பறைகூட மாறவில்லை, ஓர் ஆசிரியர்கூட மாறவில்லை. 2ஐப் பார்த்துச் சேர்ந்த பிள்ளையும் 18ஐப் பார்த்துத் தயங்கிய பிள்ளையும் ஒரே வகுப்பில்தான் உட்கார்ந்திருப்பார்கள்.

அனுமதி விகிதமும் இப்படித்தான். 2024இல் ஹார்வர்டுக்கு விண்ணப்பித்தவர்கள் 54,008 பேர், இடம் கிடைத்தவர்கள் 1,937 பேர். எத்தனை பேரைத் திருப்பி அனுப்புகிறார்கள் என்பதை வைத்துத் தரத்தை அளக்கப் பழகிவிட்டோம். ஒரே படிவத்தை வைத்துப் பதினைந்து இருபது கல்லூரிகளுக்கு விண்ணப்பிக்க முடிகிற காலத்தில், அந்த எண் வகுப்பறையைப் பற்றி அதிகம் சொல்வதில்லை.

சரி, அப்படியானால் பெயருக்கு மதிப்பே இல்லையா? இருக்கிறது. எனக்குப் பெயரை ஒதுக்கிப் பேசுகிறவர்கள் மேல் கொஞ்சம் வருத்தம் உண்டு, ஏனென்றால் அப்படிப் பேசுகிறவர்களில் பலர் பெயர் பெற்ற இடத்தில் படித்து முடித்தவர்கள். அந்த மதிப்பு எங்கே இருக்கிறது, எங்கே இல்லை என்று பிரித்துச் சொல்வதுதான் நியாயம். அதற்கு இரண்டு ஆய்வுகள் உதவும்.

ஸ்டேசி டேல், ஆலன் க்ரூகர் என்ற இரு பொருளாதார நிபுணர்கள் 2002இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். 1976இல் கல்லூரியில் சேர்ந்தவர்களை எடுத்துக்கொண்டார்கள். அதில் ஏறத்தாழ ஒரே தரத்துக் கல்லூரிகளுக்கு விண்ணப்பித்து, ஒரே மாதிரி முடிவுகளைப் பெற்றவர்களை ஒன்றாக வைத்தார்கள். அவர்களில் பெரிய பெயருள்ள கல்லூரிக்குப் போனவர்களையும், இடம் கிடைத்தும் வேறு கல்லூரிக்குப் போனவர்களையும் ஒப்பிட்டுப் பார்த்தால், பிற்காலச் சம்பளத்தில் சராசரியாகச் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. திறமையும் முனைப்பும் பிள்ளையிடம் இருந்தது, அது எங்கே போனாலும் கூடவே போனது. ஆனால் வசதி குறைந்த குடும்பத்திலிருந்து வந்தவர்களுக்குப் பெயர் பெற்ற கல்லூரி பலன் கொடுத்தது. 1989இல் சேர்ந்தவர்களையும் சேர்த்துப் பின்னாளில் பார்த்தபோது, கறுப்பின, ஹிஸ்பானிக் மாணவர்களுக்கும், பெற்றோர் அதிகம் படிக்காத மாணவர்களுக்கும் அதே பலன் தெரிந்தது.

இரண்டாவது ஆய்வு 2023இல் ராஜ் செட்டி, டேவிட் டெமிங், ஜான் ஃப்ரீட்மேன் மூவரும் செய்தது. எட்டு ஐவி கல்லூரிகள், அவற்றோடு ஸ்டான்ஃபோர்டு, எம்ஐடி, டியூக், சிகாகோ. இந்தப் பன்னிரண்டில் காத்திருப்புப் பட்டியலில் இருந்து உள்ளே போனவர்களையும் போகாதவர்களையும் தொடர்ந்து பார்த்தார்கள். மாநிலங்களின் முதன்மை அரசுப் பல்கலைக்கழகங்களோடு ஒப்பிட்டால் சராசரி வருமானத்தில் இங்கேயும் பெரிய மாற்றம் இல்லை. ஆனால் வருமானத்தில் உச்சியில் இருக்கும் 1 சதவீதத்துக்குள் நுழையும் வாய்ப்பு சுமார் 50 சதவீதம் கூடியது. மேற்படிப்புக்குப் பெயர் பெற்ற கிராஜுவேட் ஸ்கூலில் சேரும் வாய்ப்பு ஏறத்தாழ இரண்டு மடங்கானது. பெயர் பெற்ற நிறுவனங்களில் வேலை கிடைக்கும் வாய்ப்பு மூன்று மடங்கானது.

இரண்டையும் சேர்த்துப் படித்தால் எனக்குப் புரிவது இதுதான். பெரிய பெயர் எல்லாக் கதவுகளையும் திறப்பதில்லை. குறிப்பிட்ட சில கதவுகளை நன்றாகத் திறக்கிறது. வால் ஸ்ட்ரீட் முதலீட்டு வங்கிகள், மேலாண்மை ஆலோசனை நிறுவனங்கள், உயர்மட்ட அரசியல், சட்டம். அந்த நிறுவனங்கள் ஆளெடுக்க நேரில் போகும் கல்லூரிகள் கொஞ்சம்தான். பிள்ளைக்கு உண்மையிலேயே அந்தப் பாதை வேண்டும் என்றால் பெயருக்குக் கூடுதல் எடை கொடுப்பதில் தவறே இல்லை. நர்ஸிங், சிவில் இன்ஜினியரிங், ஆசிரியப் பணி என்றால் அந்த எடை வெகுவாகக் குறைந்துவிடும். இங்கே மருத்துவம் பட்டப்படிப்புக்கு அப்புறம்தான். மெடிக்கல் ஸ்கூலுக்கு ஜிபிஏ என்ற கல்லூரி மதிப்பெண் சராசரியும், எம்கேட் என்ற நுழைவுத் தேர்வு மதிப்பெண்ணும் முக்கியம். பெரிய பெயருக்காகப் போய், அங்கே கெமிஸ்ட்ரியில் மதிப்பெண் சரிந்து, டாக்டர் ஆகும் ஆசையை இரண்டாம் வருடத்திலேயே விட்டுவிட்ட பிள்ளைகளை எனக்குத் தெரியும்.

கடைசியாக வாங்கும் பட்டத்தின் பெயர்தான் பெரும்பாலும் முன்னால் நிற்கும் என்பதையும் மறந்துவிடுகிறோம். அமெரிக்க உச்ச நீதிமன்றத்தில் இன்று இருக்கும் ஒன்பது நீதிபதிகளில் எட்டுப் பேர் ஹார்வர்டு அல்லது யேல் சட்டப் பள்ளியில் படித்தவர்கள். ஒன்பதாமவர் ஏமி கோனி பேரட் சட்டம் படித்தது நோட்ர டேமில், இளநிலைப் பட்டம் வாங்கியது மெம்ஃபிஸில் இருக்கும் ரோட்ஸ் கல்லூரியில். நம் வட்டத்தில் ரோட்ஸ் என்ற பெயரைக் கேள்விப்பட்டவர்கள் எத்தனை பேர்?

அண்ணன் சொன்ன ஒரு வாதத்துக்கு மட்டும் என்னால் உடனே பதில் சொல்ல முடியவில்லை. "நமக்கு இங்க யாரைத் தெரியும் சொல்லு. இங்கேயே பிறந்து வளர்ந்தவங்களுக்கு மாமா, பெரியப்பா, பக்கத்து வீட்டுக்காரர்னு எல்லாத் துறையிலயும் ஆள் இருக்கு. நம்ம பிள்ளைக்கு அந்தக் கல்லூரிப் பேருதான் சிபாரிசு." இதில் உண்மை இருக்கிறது. நாங்கள் தனித்தனியாக வந்து, ஒரே துறையில் வேலை பார்த்து, அந்தத் துறைக்குள்ளேயே பழகியவர்கள். ஐடிக்கு வெளியே நமக்குத் தெரிந்தவர்கள் குறைவு. அப்புறம் யோசித்தபோது ஒன்று தோன்றியது. சிபாரிசு என்பது ஒருவர் இன்னொருவரைத் தெரிந்துவைத்திருப்பது. கல்லூரியின் பெயர் தானாக யாருக்கும் போன் செய்யாது. பிள்ளையை நன்றாகத் தெரிந்த ஒரு பேராசிரியர் போன் செய்வார். ஆக, அண்ணனின் கேள்விக்கான விடையும் அந்தத் துறைக்குள் அவளை யார் தெரிந்துகொள்ளப்போகிறார்கள் என்பதில்தான் வந்து நின்றது.

கேலப் நிறுவனமும் பர்டூ பல்கலைக்கழகமும் சேர்ந்து 2014இல் 30,000க்கும் மேற்பட்ட பட்டதாரிகளிடம் எடுத்த கணக்கெடுப்பு இதையே தொடுகிறது. வேலையில் ஈடுபாட்டோடு இருக்கிறார்களா என்று பார்த்தால், படித்த கல்லூரி எவ்வளவு பெரிய பெயர் என்பதற்கும் அதற்கும் தொடர்பு தெரியவில்லை. படிப்பில் ஆர்வத்தைத் தூண்டிய ஆசிரியர் ஒருவர், தன்னைத் தனிமனிதராக நினைத்து அக்கறை காட்டிய ஆசிரியர்கள், கனவுகளுக்கு ஊக்கம் கொடுத்த வழிகாட்டி, இவை இருந்ததா என்பதோடுதான் வலுவான தொடர்பு. மூன்றும் எனக்கு இருந்தது என்று உறுதியாகச் சொன்னவர்கள் 14 சதவீதம் பேர் மட்டும். என்னை மிகவும் உலுக்கிய எண் இதுதான்.

ஏப்ரலில் இடம் கிடைத்தவர்களைக் கல்லூரிகள் அழைத்துச் சுற்றிக் காட்டும். அண்ணனுக்கு விடுப்பு கிடைக்காததால் நான் கூடப் போனேன். சிறிய கல்லூரியில் பாறையியல் வகுப்பு ஒன்றில் உட்கார அனுமதித்தார்கள். மேசைக்கு மேசை தட்டில் பாறைத் துண்டுகள், ஆளுக்கொரு கை லென்ஸ். ஒரு பையன் தட்டிலிருந்த துண்டில் பட்டை பட்டையாக ஓடிய வரிகளைக் காட்டி, அழுத்தம் இந்தத் திசையில் வந்திருக்கும் என்றான். பேராசிரியர் சரி, தவறு எதுவும் சொல்லவில்லை. "ஏன் அப்படி நினைக்கிறாய்?" என்று கேட்டுவிட்டுக் காத்திருந்தார். அவன் பேச்சை நிறுத்தி, துண்டைத் திருப்பி, விளிம்பை லென்ஸில் பார்த்து, தானே மாற்றிச் சொன்னான். அதற்குள் ஐந்து நிமிடம் ஓடியிருக்கும். வகுப்பில் யாரும் அவசரப்படவில்லை. என் பக்கத்தில் அவள் நோட்டில் எதையோ வேகமாக எழுதிக்கொண்டிருந்தாள்.

பெரிய பல்கலைக்கழகத்தில் நாங்கள் பார்த்த முதல் வருட இயற்பியல் வகுப்பு ஒரு சினிமா கொட்டகை அளவு அரங்கத்தில் நடந்தது. பாடம் நடத்தியவர் அபாரமாக நடத்தினார், அதைச் சொல்லியே ஆக வேண்டும். ஆனால் சந்தேகம் கேட்க வேண்டும் என்றால் பேராசிரியருக்கு உதவியாக இருக்கும் டிஏக்களிடம் போக வேண்டும் என்றாள் பக்கத்தில் இருந்த மாணவி.

இத்தோடு நிறுத்தியிருந்தால் முடிவு எளிதாகியிருக்கும். வழக்கமாகச் சொல்லப்படும் கதையும் இதுதான்: சிறிய இடம், அன்பான ஆசிரியர், அதுவே பொருத்தம். அவள் நிறுத்தவில்லை. அன்று இரவு விடுதி அறையில் லேப்டாப்பைத் திறந்து இரண்டு கல்லூரிகளின் பாடப் பட்டியலையும் எடுத்தாள். பாடப் பட்டியல் என்பது கல்லூரி நடத்தக்கூடிய எல்லாப் பாடங்களின் தொகுப்பு. எந்தப் பருவத்தில் எது உண்மையில் நடந்தது என்பது கால அட்டவணையில்தான் இருக்கும். பல கல்லூரிகளில் பழைய அட்டவணைகளை யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். சிறிய கல்லூரியின் பட்டியலில் நில அதிர்வியல் பாடம் அழகாக அச்சிடப்பட்டிருந்தது. பழைய அட்டவணைகளில் தேடினால், அண்மைய பருவங்கள் எதிலும் அது இல்லை. அவள் துறைக்கு மின்னஞ்சல் எழுதினாள். மறுநாளே பதில் வந்தது, அதுவும் மறைக்காமல் எழுதிய பதில். அதை நடத்த இருப்பவர் ஒருவர்தான், அவர் ஆய்வு விடுப்பில் இருக்கிறார், திரும்பி வந்ததும் ஒரு வருடம் விட்டு ஒரு வருடம் நடத்துவார், நடுவில் வேண்டுமானால் தனி ஆய்வாகப் படிக்கலாம் என்றார்கள்.

பெரிய பல்கலைக்கழகத்தில் அந்தப் பாடம் எல்லா வருடமும் நடந்திருந்தது. அதோடு இன்னொன்றும் தெரிந்தது. பல்கலைக்கழகம்தான் பெரியது, புவி அறிவியல் துறை சின்னது. வருடத்துக்குப் பட்டம் வாங்குகிறவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடிய அளவு. முதல் வருடத்துப் பொது வகுப்புகளைத் தாண்டிவிட்டால், மூன்றாம் வருட வகுப்பில் பத்துப் பன்னிரண்டு பேர்தான். துறையின் நடைபாதையில் ஒட்டியிருந்த ஆய்வுச் சுவரொட்டிகளில் பெரும்பாலானவை ஆராய்ச்சி மாணவர்களுடையவை. ஆனாலும் கீழே சின்ன எழுத்தில் இளநிலை மாணவர்களின் பெயர்களும் இருந்தன. அவள் ஒவ்வொன்றாகப் படித்து, அந்தப் பெயர்களில் ஒருத்தியை எப்படியோ தேடிப் பிடித்துப் பேசினாள். இரண்டாம் வருடக் கோடையிலேயே நில அதிர்வு ஆய்வகத்தில் சம்பளத்தோடு வேலை கொடுத்தார்களாம்.

கல்லூரியின் அளவும் உங்கள் பிள்ளை உட்காரப்போகும் வகுப்பின் அளவும் வேறு வேறு. பெரிய பல்கலைக்கழகத்தில் வானியலோ மொழியியலோ படிக்கிறவர் ஒரு சிறிய கல்லூரிக்குள் இருப்பது போலத்தான் இருப்பார். சிறிய கல்லூரியில் கம்ப்யூட்டர் சயின்ஸ் எடுத்தால் இடத்துக்குத் தள்ளுமுள்ளு இருக்கலாம். இதைப் பெற்றோர் கூட்டங்களில் யாரும் பேசி நான் கேட்டதில்லை.

கம்ப்யூட்டர் சயின்ஸ் என்று சொன்னதும், கதவுகளைப் பற்றிப் பேச வேண்டும். கல்லூரிக்குள் இடம் கிடைத்தது வேறு, விரும்பும் மேஜருக்குள், அதாவது முதன்மைப் பாடத்துக்குள், இடம் கிடைத்தது வேறு. சியாட்டிலில் இருக்கும் வாஷிங்டன் பல்கலைக்கழகம் இதை ஒளிக்காமல் சொல்கிறது: கம்ப்யூட்டர் சயின்ஸுக்கு நேரடி அனுமதி கிடைக்காமல் வருகிறவர்கள், பிறகு மாறிக்கொள்ளலாம் என்று நம்பி வர வேண்டாம். பல அரசுப் பல்கலைக்கழகங்களில் இன்ஜினியரிங், பிசினஸ், நர்ஸிங் எல்லாமே இப்படி உள்கதவு வைத்தவை. என் தோழியின் மகனுக்குப் பெரிய பெயருள்ள இடத்தில் மேஜர் முடிவாகாத நிலையில் அனுமதி, மாநிலப் பல்கலைக்கழகத்தில் கம்ப்யூட்டர் சயின்ஸுக்கு நேரடி அனுமதி. அவன் மாநிலப் பல்கலைக்கழகத்துக்குப் போனான். அந்த முடிவு எனக்கு மிகவும் பிடித்தது. கையில் உறுதியாக இருந்ததை அவன் அடையாளம் கண்டுகொண்டான்.

அந்த இடத்தைச் சுற்றி இன்னும் ஒரு விஷயம் இருக்கிறது, அதைச் சொல்லக் கொஞ்சம் சங்கடமாக இருக்கும்: வகுப்பில் பிள்ளை எங்கே நிற்பாள்? உளவியலாளர் ஹெர்பர்ட் மார்ஷ் 1984 முதல் இதைப் பற்றி எழுதிவருகிறார். ஒரே திறமை உள்ள இரண்டு பிள்ளைகளில், தன்னைவிடத் திறமையானவர்கள் சூழ்ந்த பள்ளியில் இருப்பவர் தன் திறமையைக் குறைவாகவே மதிப்பிடுகிறார். பள்ளி முழுக்க முதலாவதாக வந்த பிள்ளை, எல்லோரும் முதலாவதாக வந்தவர்களான இடத்தில் பாதிக்குக் கீழே நிற்கலாம். சிலருக்கு அது உற்சாகம், பக்கத்தில் இருப்பவர் ஓடுவதைப் பார்த்துத் தானும் ஓடுவார்கள். சிலர் ஒரு பருவத்திலேயே "எனக்கு மேத்ஸ் வராது" என்று நம்பிவிடுவார்கள். உங்கள் பிள்ளை எந்த ரகம் என்று எந்தப் பட்டியலும் சொல்லாது, உங்களுக்குத் தெரியும். பள்ளியில் கடினமான வகுப்பில் முதன்முறை குறைந்த மதிப்பெண் வாங்கிய அன்று என்ன செய்தாள் என்று நினைத்துப் பாருங்கள். ஆசிரியரிடம் போனாளா, கதவைச் சாத்திக்கொண்டாளா?

படிப்பின் ஓட்டமும் ஒரு பொருத்தம்தான். பிரவுன் பல்கலைக்கழகம் 1969 முதல் பொதுக் கட்டாயப் பாடங்களை எடுத்துவிட்டது. கொலம்பியாவில் 1919இல் தொடங்கிய கோர் பாடத்திட்டம் எல்லோருக்கும் கட்டாயம். கொலராடோ கல்லூரியில் 1970 முதல் ஒரு சமயத்தில் ஒரே ஒரு பாடம், மூன்றரை வாரத்தில் அதை முடித்துவிட்டு அடுத்தது. எம்ஐடியில் முதல் பருவத்துத் தோல்விகள் மதிப்பெண் பட்டியலில் ஏறாது. இவற்றில் எது உயர்ந்தது என்ற கேள்விக்கே இடமில்லை. மெதுவாக ஊறி ஊறிப் படிக்கிற பிள்ளைக்கு மூன்றரை வாரம் நரகம், ஒரே விஷயத்தில் மூழ்கிவிடுகிற பிள்ளைக்கு அதுவே சொர்க்கம்.

பணத்தைப் பற்றி நம் வீடுகளில் பிள்ளை முன்னால் பேசுவதில்லை. பேசுங்கள். பதினேழு வயதுப் பிள்ளைக்கு அது புரியும். ஐவி கல்லூரிகள் எதிலும் மெரிட் ஸ்காலர்ஷிப் கிடையாது, குடும்ப வருமானத்தைப் பார்த்துத்தான் உதவி. அப்பா அம்மா இருவரும் நல்ல வேலையில் இருந்தால் பெரும்பாலும் கணிசமான உதவி வராது. ஃபெடரல் அரசின் மாணவர் உதவித் திட்டங்களில் சேர்ந்த ஒவ்வொரு கல்லூரியின் இணையதளத்திலும் நிகரக் கட்டணக் கணிப்பான் இருக்க வேண்டும் என்பது 2011 முதல் சட்டம், அதில் வருமானத்தைப் போட்டால் ஏறத்தாழ என்ன கட்ட வேண்டிவரும் என்று காட்டிவிடும். பெற்றோரின் எச்-1பி வேலை விசாவைச் சார்ந்த எச்-4 விசாவில் இருக்கும் பிள்ளைக்கு ஃபெடரல் உதவி கிடையாது. பல கல்லூரிகள் அவர்களை வெளிநாட்டு மாணவர்களாகவே கணக்கில் வைக்கும். 21 வயதில் எச்-4 தகுதி முடிந்துவிடும், அதற்குள் எஃப்-1 மாணவர் விசாவுக்கு மாற வேண்டும். படிப்பு முடிந்ததும் வேலை பார்க்கக் கிடைக்கும் ஓபிடி 12 மாதம். ஸ்டெம் (அறிவியல், தொழில்நுட்பம், பொறியியல், கணிதம்) பட்டம் என்றால் இன்னும் 24 மாதம். ஒரே எகனாமிக்ஸ் பட்டம் ஒரு கல்லூரியில் ஸ்டெம் என்றும் இன்னொன்றில் இல்லை என்றும் பதிவாகியிருக்கும். விசாவில் இருக்கும் குடும்பத்துக்கு இது ரேங்கைவிடப் பெரிய வித்தியாசம்.

கடன் வாங்கிப் பெரிய பெயருக்குப் போகலாமா என்று கேட்பார்கள். கிராஜுவேட் ஸ்கூல் நிச்சயம் என்று இருக்கும் பிள்ளைக்கு இளநிலையில் பெரிய கடன் வேண்டாம் என்பதுதான் என் கருத்து. இதில் நான் கொஞ்சம் பிடிவாதக்காரி.

அண்ணன் மகள் பெரிய பல்கலைக்கழகத்தைத் தேர்ந்தெடுத்தாள். அண்ணனுக்கு ஒரே சந்தோஷம். "நான் முதல்லயே சொன்னேன்ல" என்றார். அவள் விடவில்லை. "இல்லப்பா. நீங்க சொன்ன காரணம் வேற, நான் போற காரணம் வேற. அந்த லேப் இல்லன்னா நான் அங்க போயிருக்க மாட்டேன்" என்றாள். அவர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, அந்த லேபைப் பற்றி முதன்முறையாக அவளிடம் கேள்வி கேட்டார். எனக்கு அந்த உரையாடல்தான் முக்கியமாகப் பட்டது. இப்போது முதல் வருட இயற்பியலில் அவள் கஷ்டப்படுகிறாள். பெரிய அரங்கம், டிஏ, எல்லாம் எதிர்பார்த்ததுதான். வாரம் ஒருமுறை புவி அறிவியல் துறைக் கருத்தரங்கில் பின்வரிசையில் போய் உட்கார்ந்துகொள்கிறாள், பாதி புரியவில்லை என்கிறாள், ஆனால் ஒரு வாரம்கூட விடுவதில்லை.

இந்த ஏப்ரலில் முடிவெடுக்க இருப்பவர்கள் காமன் டேட்டா செட் என்று கல்லூரி பெயரோடு சேர்த்துத் தேடிப் பாருங்கள். பெரும்பாலான கல்லூரிகள் வெளியிடுகின்றன. எத்தனை வகுப்புகளில் எத்தனை பேர், சேர்ந்தவர்களின் மதிப்பெண் எந்த அளவில் என்பதெல்லாம் அதில் இருக்கும். அமெரிக்க அரசுக் கல்வித்துறையின் காலேஜ் ஸ்கோர்கார்டு தளத்தில் ஒரு கல்லூரியில் ஒவ்வொரு மேஜராகச் சம்பளத்தைப் பார்க்கலாம். கல்லூரிக்கு நேரில் போனால் வழிகாட்டி மாணவரோடு மட்டும் நடந்துவிட்டு வந்துவிடாதீர்கள். அவர் கல்லூரிக்காகப் பேசப் பயிற்சி பெற்றவர். உங்கள் பிள்ளையின் துறை இருக்கும் கட்டடத்துக்குப் போய், அங்கே படித்துக்கொண்டிருக்கும் மூன்றாம் வருட மாணவர் யாரிடமாவது, உனக்குப் பரிந்துரைக் கடிதம் எழுதப்போவது யார் என்று பிள்ளையைக் கேட்கச் சொல்லுங்கள். பதில் எவ்வளவு சீக்கிரம் வருகிறது என்று கவனித்தாலே போதும்.

காத்திருப்புப் பட்டியலில் இருப்பவர்களுக்கு இன்னொரு விஷயம். மே 1க்குள் வேறொரு இடத்தில் முன்பணம் கட்டிவிடுங்கள். காத்திருந்த கல்லூரியிலிருந்து அழைப்பு வந்தால் அது பெரும்பாலும் மே, ஜூனில் வரும், பதில் சொல்லச் சில நாட்கள்தான் கொடுப்பார்கள். அந்த நேரத்தில் வீட்டில் எல்லோருக்கும் பெயர் மட்டும்தான் கண்ணில் படும். மேஜர் கதவு திறந்திருக்கிறதா, நிதி உதவி எவ்வளவு, விடுதி இடம் உண்டா என்று அவர்களிடம் கேட்க வேண்டியவற்றை ஏப்ரலிலேயே பிள்ளையின் கையால் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அழைப்பு வந்த அன்றே அவற்றைக் கேட்டுவிடலாம்.